மூலைப் பொருத்தின் வரலாறு: ஆழமான படச்சட்டங்களும் புலம்பெயர்ந்த தஞ்சாவூர் ஓவியங்களும்

முன்னுரை

ஓவியத்தைப் பற்றி எழுதுவோர் அதன் காலம், பாணி, கருப்பொருள், வண்ணம் ஆகியவற்றை விரிவாக ஆராய்வர். அவ்வோவியத்தைத் தாங்கி நிற்கும் மரச்சட்டத்தைப் பெரும்பாலும் ஒரு தொடரில் கடந்துவிடுவர். சட்டம் பழுதுற்றால் அதனைக் கழற்றிவிட்டுப் புதியது இடுவது இல்லங்களில் இயல்பாக நிகழ்கிறது. கழற்றப்பட்ட சட்டம் குப்பைக்குச் செல்லும்போது, அதனுள் இருந்த சான்றுகளும் உடன் செல்கின்றன.

சட்டத்தில் மிகுதியான சான்றுகளைத் தாங்கும் இடம் மூலையாகும். நான்கு மரத்துண்டுகள் நான்கு இடங்களில் சந்திக்கின்றன. அச்சந்திப்பை ஒரு தச்சர் எவ்வாறு அமைத்தார் என்பதில் அவர் கற்ற மரபும், கையாண்ட கருவியும், கிடைத்த மரமும், பெற்ற கூலியும் பதிவாகியுள்ளன. ஆழம் குறைந்த சட்டத்தில் பசையும் இரண்டு ஆணிகளும் போதுமானவை. அங்கே மூலை அதிகம் பேசாது. ஆழமான சட்டத்தில் அவை போதா. ஆகவே தச்சர் சிந்தித்துத் தீர்வு காணவேண்டியவராகிறார்.

மூலையின் முகத்தில் தெரியும் கோடு வேறு, மூலையைத் தாங்கும் வலிமை வேறு. சட்டம் ஆழமாகுந்தோறும் இவ்விரண்டையும் தனித்தனியே அமைக்கவேண்டிய தேவை மிகுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஐரோப்பியச் சட்டங்களின் வரலாற்றினூடாக இக்கருத்தை நிறுவி, அதன் ஒளியில் அயல்நாடுகளில் வாழும் தமிழர் இல்லங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ள தஞ்சாவூர் ஓவியங்களின் சட்டங்களை எவ்வாறு காத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1. கலைச்சொற்கள்

இருமரங்களின் முனைகளையும் 45 பாகையில் சாய்த்து வெட்டிச் சேர்ப்பது இங்குச் சாய்வெட்டுப் பொருத்து எனப்படுகிறது; தச்சுப் பட்டறைகளில் இது மைட்டர் என வழங்கும். ஒரு மரத்தின் முனையை மெலித்து மற்றொன்றின் துளையில் செருகுவது கழுந்துப் பொருத்து. இரு மரங்களிலும் பாதிக் கனத்தை நீக்கி ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைப்பது பாதிப்படிவுப் பொருத்து. புறாவின் விரிந்த வாலைப் போல் நுனி அகன்ற பற்களைக் கோத்து இணைப்பது புறாவால் பொருத்து. கண்ணாடியும் படமும் அமரும் உட்புறப் படிவெட்டு காடி எனப்படும்.

மர இணைப்பு தென்னிந்தியச் சிற்ப நூல்களுக்குப் புதிய பொருள் அன்று. மயமதம், மானசாரம் ஆகிய இரு நூல்களும் மரங்களை இணைக்கும் முறைக்கெனத் தனி இயல் ஒதுக்கியுள்ளன. ‘சந்திகர்மம்’ என்பது அவ்வியலின் பெயர். அவை கட்டடங்களின் தூண், உத்திரம் முதலியவற்றைக் கருதி எழுதப்பட்டவை. படச்சட்டத்தைப் பேசுவன அல்ல. எனினும், மரத்தின் அடி எது, நுனி எது என்று அறிந்தே இணைக்கவேண்டும் என்னும் அவற்றின் நோக்கு இங்கும் பொருந்தும். மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே வகையாக நடந்துகொள்வதில்லை என்ற அறிவே மூலைப் பொருத்தின் தொடக்கமாகும்.

2. மூலையில் நிகழ்வது என்ன

மரம் காற்றின் ஈரத்தை ஏற்று விரிகிறது; இழந்து சுருங்குகிறது. நீளவாக்கில் இம்மாற்றம் கணக்கில் கொள்ளத்தக்கதன்று. அகலவாக்கில் அது தெளிவாகத் தெரியும். தேக்கு, பச்சைநிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை ஆண்டுவளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. வெள்ளை ஓக்கு மரத்தில் இவை முறையே 10.5, 5.6 விழுக்காடாகும். தேக்கு உயர்வாக மதிக்கப்பட்டதற்கு இவ்வடக்கமும் ஒரு காரணம்.

சாய்வெட்டுப் பொருத்தின் குறைபாடு இங்கேதான் தோன்றுகிறது. அகலம் குறைந்து நீளம் மாறாதிருக்கும்போது 45 பாகையாக வெட்டிய முனை 45 பாகையாக நிலைப்பதில்லை. 100 மி.மீ. அகலமுள்ள சட்டமரம் 2 விழுக்காடு சுருங்கினால், வெளிமூலை ஒட்டியிருக்க, உள்மூலையில் ஏறத்தாழ 2.8 மி.மீ. இடைவெளி விழும். மரம் விரிந்தாலோ நேர்மாறாக வெளிமூலை திறக்கும். ஆகவே மூலை எப்பக்கம் திறந்துள்ளது என்பதைக் கண்டே அச்சட்டம் பிறந்த இடத்தைவிட உலர்ந்த இடத்திற்கு வந்துள்ளதா, ஈரமான இடத்திற்கு வந்துள்ளதா என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது குறைபாடு பசையைச் சார்ந்தது. மரநார்கள் பக்கவாட்டில் படியும் பரப்பில் பசை நன்கு பிடிக்கும். நார்கள் வெட்டுண்டு முனைகாட்டும் பரப்பில் அது உறிஞ்சப்பட்டு வலுவிழக்கும். சாய்வெட்டின் பரப்பு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 60 மி.மீ. அகலமும் 20 மி.மீ. கனமும் உள்ள மரத்தில் சாய்வெட்டு தரும் ஒட்டுப்பரப்பு ஏறத்தாழ 17 சதுர செ.மீ. அதே மரத்தைப் பாதிப்படிவாக இணைத்தால் 36 சதுர செ.மீ. கிடைக்கிறது, அதுவும் நார்ப்பக்கப் பரப்பு.

ஆழமான சட்டத்தில் மூன்றாவதொரு சிக்கல் சேர்கிறது. சாய்வெட்டு, முகத்தில் 45 பாகையாக இருந்தால் மட்டும் போதாது. ஆழத்திலும் செங்குத்தாக இறங்கவேண்டும். 75 மி.மீ. ஆழமுள்ள மரத்தில் வாள் அரைப் பாகை சாய்ந்தால், இரு முனைகளின் பிழையும் சேர்ந்து, முகம் ஒட்டியிருக்கப் பின்புறம் 1.3 மி.மீ. திறந்து நிற்கும். ஒரு சட்டத்திற்கு எட்டு வெட்டுகள் என்பதால் பிழைகள் கூடிக்கொண்டே செல்லும். கடைசி மூலை சேர மறுக்கும். முகத்தில் நேர்த்தியாகத் தெரியும் பழைய சட்டத்தைத் திருப்பிப் பார்க்கையில் பின்மூலையில் ஆப்பும் மெழுகும் அடைத்திருக்கக் காண்பது இதனால்தான்.

மேலும் ஆழமான சட்டங்களை இருவகையாகப் பிரித்தறிதல் வேண்டும். முகமும் அகன்று ஆழமும் மிகுந்தவை ஒருவகை. முகம் குறுகி ஆழம் மட்டும் மிகுந்தவை மற்றொரு வகை; இவை உண்மையில் பேழைகளே. 20 மி.மீ. முகமும் 75 மி.மீ. ஆழமும் உள்ள மரத்தின் பின்புறத்தில் பாதிப்படிவு வெட்டினால் கிடைப்பது 4 சதுர செ.மீ. பரப்பு மட்டுமே, அதனால் பயனில்லை. அதே மூலையை ஆழவாக்கில் ஐந்து விரல்களாகப் பிரித்துக் கோத்தால், விரல்களுக்கிடையே 16 சதுர செ.மீ. நார்ப்பக்கப் பரப்பு கிடைக்கும். முதல்வகைக்குச் சட்டத் தச்சின் தீர்வுகள் பொருந்தும். இரண்டாம் வகைக்குப் பெட்டித் தச்சின் தீர்வுகள் வேண்டும்.

3. மூலையற்ற சட்டமும் கழுந்துச் சட்டமும்

ஐரோப்பிய இடைக்காலத்தின் தொடக்கநிலைச் சட்டங்கள் பலவற்றில் மூலைப் பொருத்தே இல்லை. ஒரே பலகையின் நடுப்பகுதியைக் குடைந்து தாழ்த்தி, விளிம்பைச் சட்டமாக விட்டனர். பின்னர் பலகையின் மேல் மெல்லிய மரக்கீற்றுகளைப் பதித்து, பலகைக்கும் கீற்றுக்கும் சேர்த்தே வெண்பூச்சும் பொன்தாளும் இட்டனர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள தூச்சோவின் சிறிய ‘அன்னையும் குழந்தையும்’ ஓவியம் அத்தகைய உடன்பிறந்த சட்டத்துடன் விளங்குகிறது. அதன் கீழ்விளிம்பில் மெழுகுவத்தியின் தீக்கருக்கு இன்றும் காணப்படுகிறது. அச்சட்டத்தை நீக்கியிருந்தால், அது வழிபடப்பட்ட பொருள் என்பதற்கான நேர்ச்சான்று நீங்கியிருக்கும்.

பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியரான யான் வான் ஐக், 1433 அக்டோபர் 21 எனச் சட்டத்திலேயே நாளிட்டு வரைந்த சிவப்புத் தலைப்பாகை மனிதரின் உருவப்படம் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் இருபுறச் செங்குத்துச் சட்டங்களும் நடுப்பலகையும் ஒரே மரத்துண்டு. மேலும் கீழும் உள்ளவை மட்டும் தனியே சேர்க்கப்பட்டவை. இதன் நுட்பம் எளிதில் புலப்படும். நார்கள் செங்குத்தாக ஓடும் ஒரே மரம் பலகையாகவும் பக்கச்சட்டமாகவும் அமைவதால் அவை ஒருசேர அசையும், ஒன்றோடொன்று பிணங்கமாட்டா.

பெரிய பலகைகளுக்கு இம்முறை ஏலாது. ஆகவே வட ஐரோப்பியத் தச்சர் கழுந்துப் பொருத்தைக் கையாண்டனர். ஓக்கு மரத்தில் துளையிட்டுக் கழுந்தைச் செருகிக் குறுக்கே மரமுளை அடித்தனர். சட்டத்தின் உட்பக்கத்தில் காடி வெட்டி, அதனுள் ஓவியப்பலகை ஒட்டப்படாமல் நின்று அசையுமாறு விட்டனர். மூலை இறுகியும் பலகை நெகிழ்ந்தும் இருத்தல் வேண்டும் என்னும் இந்நெறி, கதவுச் சட்டத்திலிருந்து படச்சட்டத்திற்கு வந்தது.

இதே நெறியைச் சீனத் தச்சர் வேறொரு வழியில் அடைந்தனர். மிங் காலத்து மேசைப்பரப்புகளிலும் நிலைப்பேழைக் கதவுகளிலும் முகத்தில் தெரிவது சாய்வெட்டுக் கோடு. அதனுள் மறைந்திருப்பது கழுந்து. நடுப்பலகை காடியில் தளர்வாக நிற்கும். கோடும் வலிமையும் ஒரே மூலையில், ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ்வதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. தென்கிழக்காசியத் தமிழர் தம் அயலவர் இல்லங்களில் காணும் சீன மேசையின் மூலை இவ்வரலாற்றின் ஓர் ஏடாகும்.

4. பின்சட்டமும் முகச்சட்டமும்

இத்தாலியில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஓவியம் பலிபீடத்திலிருந்து பிரிந்து மாளிகைச் சுவருக்கு வந்தபோது, கழற்றி மாட்டத்தக்க தனிச்சட்டம் தேவைப்பட்டது. அங்கு உருவான ‘கசெத்தா’ என்னும் சட்டவகை ஆழச்சட்ட வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அப்பெயருக்குச் சிறுபெட்டி என்று பொருள். இதில் தட்டையான பின்சட்டம் பாதிப்படிவாக இணைக்கப்பட்டது. அதன்மேல் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் அலங்கார மரக்கீற்றுகள் சாய்வெட்டாகச் சேர்த்து ஒட்டப்பட்டன. கண்ணுக்குத் தெரிவது சாய்வெட்டு. பாரத்தைச் சுமப்பது பாதிப்படிவு. கோட்டின் பணியும் வலிமையின் பணியும் இங்கு இரு வேறு மரங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன.

17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்தர் இம்முறையைக் கருங்காலிச் சட்டங்களுக்குக் கையாண்டனர். கடல்கடந்து வந்த கருங்காலி விலைமிக்கது. மலிவான மரத்தால் பின்சட்டம் செய்து, கருங்காலியை மெல்லிய தகடாக முகத்தில் ஒட்டினர். மேல்மரம் மெல்லியதாக இருக்க, மூலையின் வலிமை முழுவதும் அடிமரத்தின் பொறுப்பாயிற்று.

பிரெஞ்சுத் தச்சர் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வேறுவழியில் சென்றனர். ஓக்கு மரத்தை நேரடியாகச் சாய்வெட்டாகச் சேர்த்து, பின்புறத்தில் மூலைக்குக் குறுக்கே ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகும் பள்ளம் வெட்டி, அதனுள் ஆப்புப்போன்ற மரச்சாவியை இறுக்கினர். சாவியின் நார் மூலைக்கோட்டைக் கடந்து ஓடுவதால் அது பிளவை எதிர்த்து நிற்கிறது. சட்டம் சேர்ந்த பின்னரே வெண்பூச்சிட்டு, செதுக்கி, பொன்தாள் ஒட்டினர். ஆகவே இலையும் மலரும் மூலையைக் கடந்து தொடர்ந்து ஓடும், கோடே தெரியாது. மூலையில் பெரிய மலர்க்கொத்து அமைப்பது அழகு கருதியது மட்டுமன்று. பொருத்து அசைந்தாலும் வெளித்தெரியாமல் காப்பதும் அதன் பயன்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துணியோவியங்களுக்கான உள்சட்டத்தில் ஒரு புதுமை தோன்றியது. மூலைகள் ஒட்டப்படாமல், உட்புறத்தில் ஆப்பு அடிக்க இடம்விட்டு அமைக்கப்பட்டன. துணி தளர்ந்தால் ஆப்பைத் தட்டி மூலையை விரித்து மீண்டும் இறுக்கலாம். வெளிச்சட்டத்தின் மூலை மூடியிருக்கவேண்டும்; உள்சட்டத்தின் மூலை திறக்கவேண்டும். ஒரே ஓவியத்தின் இரு மூலைகளும் எதிரெதிர்ப் பணிகளை ஏற்று நிற்பது மரத்தின் அசைவை நன்குணர்ந்த கைகளின் விளைவு.

5. மறைப்பதா, காட்டுவதா

19ஆம் நூற்றாண்டில் செதுக்குவேலையின் இடத்தை வார்ப்புவேலை பிடித்தது. சுண்ணத்தூள், விலங்குப்பசை, மரப்பிசின், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்து அச்சில் அழுத்தி எடுத்த அலங்காரங்களை மலிவான மரத்தின்மேல் ஒட்டினர். மூலைக்கோட்டின்மேல் வார்ப்பிலை ஒன்றை ஒட்டிவிட்டால் பொருத்தின் குறை மறைந்துவிடும். நாளடைவில் இக்கலவை காய்ந்து சுருங்கி விரிசல் காண்பதும், மூலையிலிருந்தே முதலில் உதிர்வதும் பழைய சட்டங்களில் காணத்தக்கவை.

அந்நூற்றாண்டின் பெருஞ்சட்டங்கள், குறிப்பாக அமெரிக்க இயற்கைக்காட்சி ஓவியங்களின் உட்குழிந்த ஆழச்சட்டங்கள், ஒரே மரத்தால் ஆனவை அல்ல. சிறியதினுள் சிறியதாக இரண்டு மூன்று சட்டங்களைத் தனித்தனியே மூலைசேர்த்து, ஒன்றினுள் ஒன்றை அமர்த்தி ஆழத்தை உண்டாக்கினர். ஒவ்வொரு சட்டமும் தன்னளவில் குறுகியது. ஆகவே ஒவ்வொன்றின் மூலைத்திறப்பும் சிறியது. 100 மி.மீ. அகல மரத்தில் 2.8 மி.மீ. ஆக விழும் இடைவெளி, 35 மி.மீ. அகல மரங்கள் மூன்றில் ஒவ்வொன்றுக்கும் 1 மி.மீ. அளவாகப் பகிரப்படுகிறது. ஆழத்தைப் பகுத்து வெல்லும் இம்முறை எளியது, சிக்கனமானது.

பின்னர் தொழிற்சாலைகள் பொன்பூச்சும் அலங்காரமும் முடிந்த நீண்ட மரச்சட்டங்களை விற்கத் தொடங்கின. சட்டம் செய்பவர் வேண்டிய நீளத்திற்கு வெட்டிச் சேர்த்தால் போதும். தொழிலின் வரிசைமுறை இங்குத் தலைகீழாயிற்று: முன்பு சேர்த்தபின் அலங்கரித்தனர்; இப்போது அலங்கரித்தபின் சேர்த்தனர். மூலைக்கோடு மறைக்கவியலாத வெட்டாக வெளிப்பட்டது. அலங்காரம் மூலையில் பாதியில் அறுபட்டு நிற்பதைக் கண்டால் அது இம்முறையில் பிறந்தது எனலாம்.

இப்போக்கிற்கு எதிர்ப்பும் எழுந்தது. பொருளின் கட்டமைப்பு வெளிப்படையாக இருத்தல் வேண்டும் எனப் பியூஜின் 1841இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தியிருந்தார். அவ்வழி வந்த சார்ல்ஸ் ஈஸ்ட்லேக் 1868இல் வெளிவந்த இல்லப்பொருள்கள் பற்றிய நூலில், மரவேலையில் சாய்வெட்டைக் குறைகூறிப் பழைய நேர்ப்பொருத்தை ஆதரித்தார். ராசெட்டி, போர்டு மாடக்ஸ் பிரவுன் ஆகிய ஓவியர்கள் தாமே வடிவமைத்த சட்டங்களில் நேராகச் சந்திக்கும் மூலைகள் இடம்பெற்றன. ஓக்கு மரத்தின் நார் தெரியும்படி பொன் இடப்பட்டது. மூலை எவ்வாறு சேர்ந்துள்ளது என்பது அறநெறி சார்ந்த வினாவாகவே அக்காலத்தில் விவாதிக்கப்பட்டது.

6. பொறிகளின் காலம்

20ஆம் நூற்றாண்டில் மூலைவேலை பொறிக்கு மாறியது. இரு கத்திகள் செங்கோணத்தில் இறங்கி மரத்தைச் சீவும் டென்மார்க்கின் மோர்சோ வெட்டுபொறி சட்டக் கடைகளில் பரவியது. பின்புறத்தில் ‘வி’ வடிவ உலோகத் தகட்டாணியை அழுத்திச் செருகும் பொறி ஆணியடிக்கும் வேலையை ஒழித்தது. ஜெர்மனியின் ஹாஃப்மன் முறையில், இருபுறமும் புறாவால் வடிவில் விரிந்த சாவி மூலைக்கோட்டின் மேலிருந்து செருகப்பட்டது. பிரெஞ்சுத் தச்சரின் மரச்சாவியும் இதுவும் ஒரே சிந்தனையின் இருவேறு வெளிப்பாடுகள்.

தகட்டாணி ஆழம் குறைந்த சட்டத்திற்கே ஏற்றது. அது பின்புறத்திலிருந்து சில மி.மீ. மட்டுமே ஏறும், 75 மி.மீ. ஆழமுள்ள மூலையின் முன்பகுதி பசையை மட்டும் நம்பி நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று ஆணிகளை அடுக்கிச் செருகினால் இக்குறை ஓரளவு நீங்கும். பேழைவகைச் சட்டத்திற்கு மேலும் உறுதியான வழி, பசை காய்ந்தபின் வெளிமூலையில் குறுக்காகச் சில வாள்வெட்டுகள் இட்டு, அவற்றுள் மெல்லிய மரச்சில்லுகளைப் பசையுடன் செருகிச் சீவிவிடுவது. சில்லின் நார் மூலையைக் குறுக்கே பிணைக்கும். இதற்குத் தனிப்பொறி எதுவும் தேவையில்லை.

7. தஞ்சாவூர் ஓவியமும் ஆழத்தின் தேவையும்

இதுவரை கண்டவை தமிழர் இல்லங்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை இனிக் காணலாம். தஞ்சாவூரில் மராத்தியர் ஆட்சிக்காலத்தில், சிறப்பாக இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) காலத்தில் செழித்த ஓவியமரபு பலகையை அடிப்படையாகக் கொண்டது. ‘பலகைப் படம்’ என்னும் வழக்கே அதனை உணர்த்தும். பலாப்பலகையின்மேல் துணி ஒட்டிச் சுண்ணப்பூச்சிட்டு, உருவங்களின் அணிகளையும் மண்டபத் தூண்களையும் மக்குக் கலவையால் புடைப்பாக எழுப்பி, கண்ணாடிக் கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவர். புடைத்தெழுந்த இப்பரப்பில் கண்ணாடி படியக்கூடாது. ஆகவே பலகையின் கனம், புடைப்பின் உயரம், காற்றிடைவெளி, கண்ணாடியின் கனம் ஆகிய நான்கையும் கொள்ளும் ஆழம் காடிக்கு வேண்டும்.

ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் தெய்வப்படங்களுக்கும் இவ்வாழம் தேவைப்பட்டது. அவ்வச்சுப்படங்களின் மேல் பட்டுத்துணி, சரிகை, சமிக்கி ஆகியவற்றைத் தைத்தும் ஒட்டியும் அலங்கரிக்கும் வழக்கம் செட்டிநாட்டு இல்லங்களில் இருந்தது. தாளில் அச்சான படம், அலங்காரத்தால் புடைப்பாகி, ஆழச்சட்டத்தை நாடியது. பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் அங்கிருந்து தருவித்த தேக்கு, செட்டிநாட்டு மாளிகைகளின் தூணும் நிலையும் கதவும் ஆயிற்று. தேக்கின் அகலமான சட்டங்களுடன் கூடிய தெய்வப்படங்கள் அம்மாளிகைகளின் சுவர்களை அணிசெய்தன.

இச்சட்டங்கள் சுமக்கும் பாரம் சிறிதன்று. 60 செ.மீ. உயரமும் 45 செ.மீ. அகலமும் உள்ள 3 மி.மீ. கண்ணாடியின் எடை மட்டும் ஏறத்தாழ 2 கிலோ. பலகையின் எடையும் சேர்ந்தால் பாரம் ஏறத்தாழ இருமடங்காகும். பாரம் முழுவதும் கீழ்ச்சட்டத்தில் இறங்கிக் கீழ் மூலைகள் இரண்டையும் பிரிக்க முயல்கிறது. கீழிருந்து மேல்நோக்கி அடித்த ஆணி, பாரம் இழுக்கும் திசையிலேயே உருவப்பட்டுவிடும். பக்கத்திலிருந்து கிடையாக அடித்த ஆணி குறுக்கே நின்று தாங்கும். பழைய சட்டத்தின் கீழ்மூலையில் ஆணி எத்திசையில் உள்ளது என்று பார்த்தாலே தச்சரின் தேர்ச்சியை மதிப்பிடலாம்.

8. குளிர்நாட்டில் திறக்கும் மூலை

தமிழ்நாட்டின் ஈரக்காற்றில் பிறந்த சட்டம், குளிர்காலத்தில் சூடேற்றப்படும் டொரண்டோ அல்லது ஒஸ்லோ இல்லத்தின் சுவரில் மாட்டப்படும்போது மரத்தின் ஈரம் குறைகிறது. ஈரப்பதம் 14 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக இறங்குவதாகக் கொண்டால், வளையப்போக்கில் அறுத்த தேக்கு அகலவாக்கில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்கும். 100 மி.மீ. அகலச் சட்டத்தின் உள்மூலையில் 2 மி.மீ. அளவுக்கு இடைவெளி தோன்றும். மூலை உறுதியாகப் பிணைக்கப்பட்டிருந்தால், பொருத்து திறப்பதற்கு மாறாக மரமே பிளக்கவும் கூடும். சிங்கப்பூர், கோலாலம்பூர் முதலிய ஈரநகரங்களில் குளிர்சாதனம் இடைவிடாது இயங்கும் அறைகளிலும் இதன் சாயலைக் காணலாம்.

இவ்விடைவெளியைக் கண்டவுடன் மக்கு அடைப்பது பலர் செய்வது. அது கேட்டையே பெருக்கும். கோடையில் காற்றின் ஈரம் ஏறும்போது மரம் விரிந்து தன் பழைய இடத்தை நாடும். அங்கே கடினமான மக்கு நிற்கும். அது நெம்புகோலாக இயங்கி வெளிமூலையைப் பிளக்கும். அடுத்த குளிர்காலத்தில் இடைவெளி முன்னினும் பெரிதாகும். பருவத்திற்கேற்பத் திறந்து மூடும் மூலை பழுதுற்ற மூலை அன்று.

ஓவியப்பலகைக்கும் இதே நெறி பொருந்தும். பலாப்பலகையைச் சட்டத்துடன் சுற்றிலும் ஆணியடித்து இறுக்கினால், சுருங்க இடமின்றிப் பலகை வெடிக்கும். வெடிப்பு சுண்ணப்பூச்சையும் தங்க ரேக்கையும் உடன் பிளக்கும். வட ஐரோப்பியத் தச்சர் காடியில் பலகையைத் தளர்வாக விட்டதன் பொருள் இங்கு விளங்கும். பலகையைப் பின்புறத்திலிருந்து வளைந்து கொடுக்கும் தகடுகளால் மெல்ல அழுத்தி நிறுத்துவதே தகும்.

9. மூலையை ஆவணமாகக் கொள்ளல்

இலண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் தஞ்சாவூர் ஓவியங்கள் உள்ளன. அவற்றினும் எண்ணிக்கையில் மிக்கவை, அயலகத் தமிழர் இல்லங்களின் பூசையறைகளிலும் கோயில் மண்டபங்களிலும் உள்ளவை. சட்டத்தை மாற்றும் முன் பின்வருவனவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும்.

முதலாவதாக, முன்புறத்தையும் பின்புறத்தையும் நான்கு மூலைகளையும் அளவுகோல் வைத்துப் படமெடுக்கவேண்டும். இரண்டாவதாக, முகத்தில் தெரியும் கோடும் பின்புறக் கோடும் ஒன்றா வேறா என நோக்கவேண்டும். முகத்தில் சாய்வெட்டும் பின்னே பாதிப்படிவும் இருப்பின் அது இரட்டை அமைப்பாகும். மூன்றாவதாக, ஆணியைக் காணவேண்டும். உருண்டைக் கம்பியாணி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பரவலாயிற்று. அது பின்னர் அடிக்கப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால் பழைய துளைகளையும் தேடவேண்டும். நான்காவதாக, செதுக்குவேலை மூலையைக் கடந்து ஓடுகிறதா, அறுபடுகிறதா எனக் காணவேண்டும். நான்கு மூலைகளில் இரண்டில் மட்டும் அறுபட்டிருப்பின், பெரிய சட்டம் ஒன்று பிற்காலத்தில் குறைக்கப்பட்டிருக்கலாம். ஐந்தாவதாக, விளக்குப்புகை, எண்ணெய், சந்தனம், குங்குமம் ஆகியவற்றின் கறைகளைத் துடைக்கும்முன் குறிக்கவேண்டும். தூச்சோவின் சட்டத்தில் மெழுகுவத்தி விட்ட தடத்திற்கு உள்ள மதிப்பு இவற்றுக்கும் உண்டு.

பழுது நீக்குவோர் தேர்ந்தெடுக்கும் பசையும் இன்றியமையாதது. தச்சர் பயன்படுத்திய வச்சிரப்பசை ஈரத்தில் தளர்வது அதன் குறை. ஆயினும் இளஞ்சூடான நீரால் கரைத்து மூலையைச் சேதமின்றிப் பிரிக்க இயல்வது அதன் நிறை. இன்றைய செயற்கைப் பசைகள் பல அவ்வாறு பிரியா. அடுத்த தலைமுறை மீண்டும் திறக்கவேண்டிய மூலையைத் திறக்கமுடியாதவாறு ஒட்டிவிடுதல் கூடாது.

முடிவுரை

ஐந்து நூற்றாண்டுகளின் மூலைகளை ஒருங்கே நோக்குகையில் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஆழமான சட்டத்திற்குச் சாய்வெட்டு மட்டும் தக்கதன்று; பின்சட்டம், சாவி, கோத்த விரல், அடுக்குச்சட்டம் என ஏதேனும் ஒரு துணை அதற்கு வேண்டும். முகம் அகன்றதா குறுகியதா என்பதே அத்துணையைத் தீர்மானிக்கும். இரண்டு, மூலை திறப்பது பெரும்பாலும் தச்சரின் குறை அன்று. மரம் இடம்பெயர்ந்ததன் விளைவு. மூன்று, மூலையின் அமைப்பு ஓவியத்தின் வரலாற்றுச் சான்றுகளுள் ஒன்றாதலால் பட்டியல்களில் அதற்குத் தனிப்பத்தி ஒதுக்கப்படவேண்டும்.

தமிழ்நாட்டுத் தச்சரின் பெயர்கள் சட்டங்களில் பொறிக்கப்படவில்லை. அவர்தம் உளியும் வாளும் இட்ட தடங்கள் மூலையின் பின்புறத்தில்தான் உள்ளன. அயலகத் தமிழ் அமைப்புகள், தம் உறுப்பினர் இல்லங்களில் உள்ள பழைய சட்டங்களின் மூலைகளைப் படமெடுத்து ஒரு பொதுத்தொகுப்பாக்கினால், ஓவியரோடு உடன் உழைத்த அத்தச்சர்களின் வரலாற்றை எழுதுவதற்கான முதல் தரவுத்தளம் உருவாகும். புதிய சட்டத்திற்காகப் பழையது கழற்றப்படும் ஒவ்வொரு முறையும் அத்தரவில் நான்கு மூலைகள் குறைகின்றன.